சுற்றுலா வரலாற்றின் முதல் அலகைத் திருத்தி எழுதுங்கள்

சுற்றுலாவியல் பட்டப்படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் சுற்றுலாவியல் நடத்தும் ஆசிரியை நான். முதல் செமஸ்டரின் முதல் அலகைப் பற்றித்தான் இந்த மடல். பட்டுப்பாதை, யாத்திரிகர்கள், ஐரோப்பிய உயர்குடி இளைஞர்களின் 'கிராண்ட் டூர்' என்று அந்த அலகு நகர்ந்து, 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு கூட்டத்தை ரயிலேற்றிச் சென்ற பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக்கிடம் வந்து நிற்கிறது. தேர்விலும் ஒரு மதிப்பெண் கேள்வியாக அவர் தவறாமல் வருகிறார். பெண்கள் வருவது வெகு பின்னால், 'பெண்களும் சுற்றுலாவும்' என்ற தனிப் பகுதியில். துணிச்சலான பயணிகள் என்று மூன்று நான்கு பெயர்கள், ஆளுக்கு இரண்டு வரி. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பெண்களை முதல் அலகுக்குக் கொண்டுவாருங்கள். இதை அவர்களுக்குச் செய்யும் மரியாதையாக நான் கேட்கவில்லை. அவர்கள் இல்லாமல் சுற்றுலா எப்படிப் பிறந்தது என்று சொல்லும்போது நாம் பிள்ளைகளுக்குத் தப்பான வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

கிராண்ட் டூருக்கும் தாமஸ் குக்குக்கும் நடுவே நம் பாடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிரபு வீட்டுப் பையன் ஆசிரியரோடும் வேலைக்காரர்களோடும் ஆண்டுக்கணக்கில் இத்தாலியில் சுற்றிய காலம் நெப்போலியன் போர்களோடு முடிந்தது. 1815-இல் அமைதி திரும்பியதும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஐரோப்பாவுக்குள் புகுந்த ஆங்கிலேயர் வேறு வகையினர்: குடும்பங்கள், நடுத்தர வர்க்கத்தார், மருத்துவர் சொல்லி வெயில் தேடி வந்த நோயாளிகள், நிறையப் பெண்கள். இவர்களுக்குக் கூடவே வந்து விளக்கம் சொல்ல ஆசிரியர் கிடையாது. எந்த விடுதியில் படுக்கை சுத்தம், குதிரை வண்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம், எல்லையில் எந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஒரு புத்தகம் தேவைப்பட்டது. அதை எழுதியவர் மரியானா ஸ்டார்க்.

இவரை ஏன் நம் மாணவர்கள் அறியவே இல்லை என்று நான் வருத்தப்படுவதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. இவருடைய தந்தை ரிச்சர்ட் ஸ்டார்க் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர். நம் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் துணை ஆளுநராக இருந்தவர். மரியானா பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தில்தான். ஆனால் 1788-இல் லண்டன் மேடையேறிய அவருடைய நாடகத்தின் களம் சோழமண்டலக் கரை.

1792-இல் நோயுற்ற உறவினர்களைக் கவனித்துக்கொள்வதற்காகக் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனார் மரியானா. 1798 வரை அங்கே இருந்தார். சுற்றிலும் போர். அந்த அனுபவம் 1800-இல் இத்தாலியிலிருந்து எழுதிய கடிதங்களாக இரண்டு தொகுதிகளில் வந்தது. கடிதம் என்று பெயர் இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் நடைமுறை. நோயாளிக்கு எந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளும், வாடகைக்கு வீடு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும், மருத்துவருக்கு எவ்வளவு, துணி வெளுப்பவருக்கு எவ்வளவு. கையோடு கொண்டுபோக வேண்டிய பொருள்களுக்கு நீண்ட பட்டியல் தருகிறார்: தோல் விரிப்பு, கொசுவலை, தேநீர்ப் பாத்திரம், மருந்துப் பெட்டி, கைத்துப்பாக்கி. படுக்கையில் மூட்டைப்பூச்சி வராமலிருக்க லாவெண்டர் எண்ணெய் சில துளி. எந்த அறைக் கதவிலும் சட்டென்று மாட்டிக்கொள்ளக்கூடிய பூட்டு ஒன்று.

அந்தப் பூட்டைப் பற்றி வகுப்பில் சொன்னால் மாணவிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். விளக்கம் தேவைப்படுவதில்லை. தெரியாத ஊரில், தெரியாத விடுதியில், கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, பிறகு நாற்காலியையும் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்த அனுபவம் அவர்களுடைய அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் இருக்கிறது.

போர் முடிந்தபின் மறுபடியும் ஐரோப்பாவைச் சுற்றி வந்து, பழைய தகவல்களைச் சரிபார்த்து, 1820-இல் ஜான் மரே பதிப்பகத்தின் வழியாகப் புதிய நூலைக் கொண்டுவந்தார். அது பதிப்பு மேல் பதிப்பு கண்டது. ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் பக்கத்தில் வியப்புக்குறிகள் போட்டார். சிறப்பானதற்கு ஒன்று, அதைவிடச் சிறந்ததற்கு இரண்டு, மூன்று என்று கூடிக்கொண்டே போகும். ஜெர்மனியின் பேடெக்கர் பயண வழிகாட்டி நூல்கள் நட்சத்திரம் போடத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். இன்று கைப்பேசியில் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் தட்டுகிற பழக்கத்தின் முன்னோடி இந்த வியப்புக்குறி. ஜான் மரே பதிப்பகத்தின் புகழ்பெற்ற 'கையேடு' வரிசை 1836-இல்தான் தொடங்குகிறது. ஸ்டார்க்கின் புத்தகத்தை வெளியிட்டு, அதற்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பதிப்பகம் அது. ஆனால் பாடநூல்களில் மரே இருக்கிறார், பேடெக்கர் இருக்கிறார், ஸ்டார்க் இல்லை.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் 1839-இல் வந்த தம் நாவலில் இவரைக் கேலி செய்திருக்கிறார். ஓர் ஆங்கிலேய வரலாற்றாசிரியர், ஸ்டார்க் அம்மையாரின் நூலைப் புரட்டி விலை பார்க்காமல் எந்த அற்பப் பொருளுக்கும் காசு கொடுக்கமாட்டாராம். வான்கோழியின் விலை, ஆப்பிளின் விலை, ஒரு குவளைப் பாலின் விலை எல்லாம் அதில் இருக்கிறதாம். கேலிதான். ஆனால் அந்த நூல் எவ்வளவு தூரம் புழங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பாலின் விலையை ஏன் ஒரு பெண் எழுதினார் என்ற கேள்வியை நாம் மாணவர்களிடம் கேட்க வேண்டும். நோயாளிக்குப் பால் வாங்கியவர் அவர். உலர்ந்த அறை தேடி அலைந்தவர், வேலைக்காரரிடம் கணக்குக் கேட்டவர், மருந்து கலக்கியவர் அவர். வீட்டில் காசு வாங்காமல் செய்த பராமரிப்பு வேலையே ஐரோப்பாவின் முதல் நவீன வழிகாட்டி நூல்களில் ஒன்றாக உருமாறியது. உயர்குடி இளைஞனின் பயணக்குறிப்பில் இந்த விவரங்கள் கிடையாது. அவன் அவற்றைத் தெரிந்துகொள்ளத் தேவையே இருந்ததில்லை. 1838-இல், இத்தாலியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் மிலான் நகரில் மரியானா இறந்தார்.

இனி தாமஸ் குக்கிடமே வருவோம். அவருடைய சுவிட்சர்லாந்துப் பயணம் 1863-இல் நடந்தது. அதைப் பற்றி நமக்கு நாள்வாரியாகத் தெரிவதற்குக் காரணம் ஜெமிமா மொரெல் என்ற பெண். யார்க்‌ஷயரின் செல்பி ஊர்க்காரர், வங்கி மேலாளரின் மகள், முப்பது வயதைத் தாண்டியவர், மணமாகாதவர். தோழிகள், சகோதரர் எல்லோரும் சேர்ந்து தங்களுக்கு 'ஜூனியர் யுனைடெட் ஆல்பைன் கிளப்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பாரிஸ், ஜெனீவா, ஷமோனி என்று போய், தரையைத் தொடும் பாவாடைகளோடு பனியாற்றைக் கடந்து, கெம்மி கணவாயில் நடந்து, ரிகி மலையில் சூரியோதயம் பார்த்துத் திரும்பினார்கள். அதிகாலையில் எழுந்து நாள் முழுக்க நடந்த அந்த ஓட்டத்தையும் செலவுக் கணக்கையும் ஜெமிமா எழுதிவைத்தார். அந்தக் குறிப்பேடு அச்சாக நூறு ஆண்டு ஆயிற்று. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த லண்டன் கட்டட இடிபாடுகளில் கிடைத்து, பயணத்தின் நூற்றாண்டான 1963-இல் புத்தகமாயிற்று. உலகின் முதல் பேக்கேஜ் டூர்களில் ஒன்றை வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து சொல்லும் ஆவணம் அது. நம் பாடத்தில் குக்கின் விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது, ஜெமிமாவின் குறிப்பேட்டுக்கு இல்லை.

குக்கின் பயணங்களுக்கு மணமாகாத பெண்களும் விதவைகளும் ஆசிரியைகளும் ஏன் திரண்டு வந்தார்கள் என்பதும் பாடமாக வேண்டும். மதுவிலக்கு இயக்கத்தில் தொடங்கிய நிறுவனம் என்பதால் குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கூட்டம் இருக்காது என்ற நம்பிக்கை இருந்தது. குழுவாகப் போவதால், துணைக்கு ஆண் வர வேண்டும் என்று வீட்டில் போட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது. 1868 வாக்கில் ஓட்டல் கூப்பன்கள் வந்தன. விடுதிக்காரரோடு நின்று பேரம் பேச வேண்டிய சங்கடமும் போயிற்று. முன்கூட்டியே கட்டணம், கூடவே நடத்துநர், நிச்சயமான தங்குமிடம் ஆகிய பேக்கேஜின் மூன்று கால்களும் பெண்கள் பயணம் செய்யத் தடையாக இருந்தவற்றுக்கு நேர் பதில்கள். இதைச் சொல்லாமல் 'குழுப் பயணம்' என்ற தலைப்பை நடத்தி முடிப்பது எனக்கு ஒவ்வவில்லை.

புதிதாகப் பயணம் வந்த இந்தக் கூட்டத்தை மேட்டிமைக்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு சார்ல்ஸ் லீவர் சாட்சி. இத்தாலியில் ஆங்கிலேயத் தூதரகப் பொறுப்பிலிருந்த எழுத்தாளர் அவர். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளைத்தான் பிரிட்டிஷ் அரசு இத்தாலியில் கொண்டுவந்து கொட்டுகிறது என்று 1865-இல் குக்கின் பயணிகளைப் பற்றி எழுதினார். குக் கோபத்தோடு பதில் கொடுத்தார். 'பயணி உயர்ந்தவர், டூரிஸ்ட் தாழ்ந்தவர்' என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அது பிறந்த இடத்தில் வர்க்க வெறுப்பும் பெண்கள் மீதான எரிச்சலும் சேர்ந்தே இருந்தன.

அந்த எரிச்சல் நிறுவன வடிவம் எடுத்ததையும் பிள்ளைகள் படிக்க வேண்டும். லண்டனின் புவியியல் சங்கமான ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி 1830-இல் தொடங்கியது; பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஸ்காட்லாந்தின் புவியியல் சங்கம் 1884-இல் தொடங்கும்போதே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இசபெல்லா பேர்டு அதற்குள் ஹவாய், ராக்கி மலைகள், ஜப்பான், மலாய் என்று சுற்றி, நூல்களால் பெரும் புகழ் பெற்றிருந்தார். லண்டன் சங்கம் அவரை உரையாற்றக் கூப்பிட்டது. உறுப்பினராகச் சேர்க்காத இடத்தில் பேச அவர் ஒப்பவில்லை. 1892 நவம்பரில் சங்கத்தின் நிர்வாகக் குழு பெண்களைச் சேர்க்க முடிவெடுத்தது. சில மாதங்களில் 22 பெண்கள் உறுப்பினர் ஆனார்கள். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. கடற்படைத் தளபதிகள் எழுந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் கர்சன் 1893-இல் 'டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் பாலினமும் பயிற்சியும் அவர்களை நிலங்களை ஆராய்வதற்குத் தகுதியற்றவர்கள் ஆக்குகின்றன என்றார். உலகம் சுற்றும் பெண்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியின் கொடுமைகளில் ஒன்று என்றார். பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்து கதவு மூடப்பட்டது. ஏற்கெனவே வந்துவிட்ட 22 பேர் மட்டும் நீடித்தார்கள். மறுபடி திறக்க 1913 ஆயிற்று. அப்போது சங்கத்தின் தலைவர் அதே கர்சன். இந்தமுறை அவர் பெண்களுக்கு ஆதரவாக நின்றார். இடைப்பட்ட காலத்தில் இந்தியாவை ஆண்ட வைஸ்ராய் என்று நம் மாணவர்கள் வேறு பாடத்தில் படிக்கும் கர்சன்தான் இவர்.

நிலத்தை அளந்து வரைபடம் போடுவது அறிவு. சந்தையில் என்ன விற்கிறது, அடுக்களையில் என்ன வேகிறது, பிரசவம் எப்படி நடக்கிறது என்று எழுதுவது பொழுதுபோக்கு. இப்படி ஒரு பிரிவினை அந்த வாக்கெடுப்புக்குப் பின்னால் இருந்தது. இன்று சுற்றுலாவியலில் பண்பாட்டுச் சுற்றுலா, உணவுச் சுற்றுலா என்று நாம் நடத்தும் பகுதிகளுக்கான பழைய ஆதாரங்களைத் தேடினால், அந்தப் 'பொழுதுபோக்கு' நூல்களில்தான் போய் நிற்கிறோம். 1717-இல் துருக்கியிலிருந்து எழுதிய மேரி வொர்ட்லி மாண்டேகு, அந்தப்புரங்களைப் பற்றி ஆண்கள் எழுதியவை கட்டுக்கதைகள் என்று சொன்னார். உள்ளே போக முடிந்தவர் அவர். அங்கே பார்த்த அம்மைப்பால் குத்தும் முறையைத் தம் பிள்ளைக்கே செய்யவைத்து ஊருக்கும் கொண்டுபோனார்.

எழுதுவதற்கும் அந்தப் பெண்கள் விலை கொடுத்தார்கள். ராக்கி மலைகளில் ஆண்களைப் போலக் காலைப் பிரித்துப் போட்டுக் குதிரையேறிய இசபெல்லா பேர்டு, ஆண் உடை அணிந்ததாக 'டைம்ஸ்' எழுதிவிட்டது. அவர் கொதித்துப்போனார். அடுத்த பதிப்பில் தம் சவாரி உடையை விளக்கி, அது பெண்ணுக்கு முற்றிலும் ஏற்றதுதான் என்று குறிப்புச் சேர்க்க வேண்டிவந்தது. கொலராடோவின் பனிமலையில் ஏறியதைவிட, எதை உடுத்திக்கொண்டு ஏறினார் என்பது விமர்சகருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் விலங்குக் குழிக்குள் விழுந்து, தடித்த பாவாடையால் முள்ளிலிருந்து தப்பியதை மேரி கிங்ஸ்லி பெருமையாகவே எழுதினார். ஆனால் அறிவியல் சங்கங்களில் பெண்கள் சேருவதை அவர் ஆதரிக்கவில்லை. இவர்கள் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்த போராளிகளாகக் காட்டக்கூடாது என்பதற்காகவும் இவர்களுடைய நூல்களையே மாணவர் கையில் கொடுக்கவேண்டும் என்கிறேன். 1889-90-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை ஒரே ஒரு கைப்பையோடு 72 நாளில் உலகைச் சுற்றி வந்தார். வழியில் கப்பலுக்காகக் கொழும்பில் சில நாள் காத்திருந்தார். பெண்ணென்றால் பெட்டி பெட்டியாகச் சாமான் இருக்கும், துணைக்கு ஆள் வேண்டும் என்று சொன்ன பத்திரிகை அலுவலகத்துக்கு அவர் அளித்த பதில் அந்தப் பை.

இன்னொன்றையும் மறைக்காமல் வகுப்பில் பேச வேண்டும். இந்தச் சுதந்திரத்தை யார் சுமந்தார்கள்? லூசி டஃப் கோர்டன் காசநோய்க்கு வெயில் தேடி எகிப்து போனவர். லக்சரில் எளிய மக்களோடு வாழ்ந்து, அவர்கள் மீது அரசு போட்ட சுமைகளைக் கண்டித்து எழுதினார். அவருடைய கடிதங்கள் 1865-இல் நூலாகி வரவேற்புப் பெற்றன. அவரோடு இங்கிலாந்திலிருந்து சென்ற பணிப்பெண் சாலி நால்டிரெட், எகிப்தியப் பணியாளர் உமரின் குழந்தையை 1864-இல் நைல் படகில் பெற்றெடுத்தார். உமர் வேலையில் நீடித்தார். சாலி வெளியேற்றப்பட்டார். அந்த நூலில் இந்தக் கதை இல்லை. அவ்வளவு கருணையோடு எழுதிய கையே தன் பணிப்பெண்ணுக்குக் கருணை காட்டவில்லை என்பது என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. ஜப்பானில் இசபெல்லாவுக்கு மொழிபெயர்த்து, குதிரை பிடித்து, சமைத்து, வழிநடத்திய இளைஞர் இட்டோ இல்லாமல் அந்த நூல் இல்லை. சுற்றுலா வழிகாட்டி வேலைக்குத்தான் நம் மாணவர்களில் பலர் போகிறார்கள். அவர்களுக்கு இட்டோவின் வரலாறும் தொழில் வரலாறுதான்.

அமீலியா எட்வர்ட்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1873-74-இல் நைல் நதியில் படகில் போனவர், நினைவுச் சின்னங்களில் பயணிகள் பெயர் செதுக்குவதையும் சிலைகள் சிதைவதையும் பார்த்துப் பதறினார். அபு சிம்பலில் பெருஞ்சிலை முகத்தில் யாரோ அச்செடுத்துவிட்டுப்போன வெள்ளைச் சாந்தின் கறையை மறைக்கத் தம் படகோட்டிகளைக் கொண்டு காப்பி பூசவைத்தவர். 1882-இல் எகிப்திய அகழாய்வுக்கான நிதியமைப்பை உருவாக்கினார். பெண்களுக்குப் பட்டம் வழங்குகிறது என்பதற்காகவே லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குத் தம் நூலகத்தையும் பேராசிரியர் இருக்கைக்கான பணத்தையும் விட்டுச்சென்றார். சுற்றுலாப்பயணியே சுற்றுலாவின் சேதத்தைக் கண்டு செயலில் இறங்கிய முன்னோடி உதாரணம் இது. 'பொறுப்புள்ள சுற்றுலா' அலகை இங்கிருந்து தொடங்கலாம்.

நம் பக்கத்துப் பெண்களும் அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். போபால் ஆட்சியாளர் சிக்கந்தர் பேகம் 1860-களில் மேற்கொண்ட மெக்கா யாத்திரை பற்றி எழுதியது 1870-இல் ஆங்கிலத்தில் நூலானது. இங்கிலாந்தில் வாழ்ந்த கிருஷ்ணபாபினி தாஸ் வங்காளியில் 1885-இல் எழுதினார். பண்டித ரமாபாய் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்து 1889-இல் மராத்தியில் எழுதினார். வேடிக்கை பார்த்ததோடு நிற்காமல் அங்கே பெண்கள் எப்படிச் சங்கம் கட்டினார்கள் என்றும், கறுப்பின மக்களுக்கு என்ன அநீதி நடந்தது என்றும் பதிந்தார். மேற்கத்தியர் பார்க்க, மற்றவர் பார்க்கப்பட, என்று மட்டும் சுற்றுலா வரலாற்றை நடத்தினால் ரமாபாய்க்கு எங்கே இடம்?

என் வேண்டுகோள் இவ்வளவுதான். முதல் அலகில் கிராண்ட் டூருக்கும் குக்குக்கும் நடுவே ஸ்டார்க் வரட்டும். ஜெமிமாவின் குறிப்பேட்டிலிருந்தும் ரமாபாயின் நூலிலிருந்தும் சில பக்கங்களைத் தமிழில் பெயர்த்து வாசிப்புப் பகுதியாகச் சேருங்கள்; மொழிபெயர்ப்பு வேலையில் பங்கெடுக்க நானும் என் சக ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். உள்மதிப்பீட்டுக்கு வழக்கமான ஒப்படைப்புக்குப் பதிலாக, தம் வீட்டு மூத்த பெண்களிடம் அவர்கள் போன பயணங்களைக் கேட்டுப் பதிவுசெய்யச் சொல்லலாம். ராமேஸ்வரம், காசி, வேளாங்கண்ணி, நாகூர் போனவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். யார் துணைக்குப் போனார், காசு யார் கையில் இருந்தது, எங்கே படுத்தார்கள், மாதவிலக்கு நாள் வந்தால் என்ன செய்தார்கள், சோறு யார் கட்டினார்கள் என்று கேட்கட்டும். எழுதப்படாத பயண இலக்கியம் அது. இப்போது கேட்காவிட்டால் இனிக் கிடைக்காது.

களப்பயணத்துக்குக் கிளம்பும்போது மாணவிகளிடம் மட்டும் தந்தையின் கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்கும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. தனியாக வந்த பெண் என்பதாலேயே அறை இல்லை என்று சொல்லும் லாட்ஜுகளும் இருக்கின்றன. நாளைக்கு அந்த லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்காரப்போகிறவர்கள் நம் மாணவர்கள்தான். அவர்களுக்கு நாம் முதல் செமஸ்டரில் எந்த வரலாற்றைச் சொல்கிறோம் என்பது அந்த மேசையில் தெரியும். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்குக் குழு கூடும்போது இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி அலகு ஒன்றை வாராந்தர நேரப் பங்கீட்டோடு எழுதி முடித்திருக்கிறேன். கேட்டால் அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
சுற்றுலாவியல் ஆசிரியை ஒருவர்